ஜூன் 14, ஞாயிறு: தெலுக் பாஹாங் நடை

வணக்கம் உறவுகளே. நம் அடுக்குமாடிக் குடும்பங்கள் தெலுக் பாஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். காலை 7 மணிக்குப் பூங்கா வாசலில் கூடுவோம். கார் இல்லாதவர்களுக்கு 101ஆம் எண் பேருந்து உண்டு.

1. மைகார்டு (அடையாள அட்டை) மறக்காதீர்கள். வாசலில் பெயர் பதிய வேண்டும்.
2. போவது பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு. கடலாமை முட்டையிடும் கரை, பொரிப்பகமும் இருக்கிறது. பக்கத்து ஏரியில் மேலே நன்னீர், அடியில் உப்புநீர், இரண்டும் கலப்பதில்லை. மழையில்லாக் காலத்தில் வற்றிக் கிடக்கும், அதனால் ஏமாற வேண்டாம்.
3. கடலில் குளியல் கிடையாது, ஜெல்லி மீன் கொட்டும். பிள்ளைகள் கெஞ்சினாலும்தான்!
4. நாசி லெமாக் பொட்டலம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும். கையில் தொங்கினால் குரங்குக்குத்தான்.
5. திரும்ப நடக்க முடியாதவர்கள் படகில் வரலாம், செலவு அவரவருடையது.

வெள்ளி இரவுக்குள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.