கணவர்களின் நிழலில் நடந்தவர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவின் மார்மன் திருச்சபை பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். அதில் பெண்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்: ‘கணவர்களின் நிழலில் பெண்களும் திரளாகச் சேர்ந்தனர்.’ அடுத்த வரியிலேயே பலதாரமணம் வந்துவிட்டது. அதற்கு மட்டும் முழுப் பக்கம், கூடவே படம். தாங்கள் வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர். தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டுரையாளரின் நன்மைக்காகவாவது இதை எழுதுகிறேன்.

ஜோசப் ஸ்மித் சபையைத் தொடங்கியது 1830இல். பலதாரமணத்தை அவர்கள் ஊரறிய அறிவித்தது 1852இல். முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சேர்ந்த பெண்கள் எந்த நிழலில் ஒதுங்க வந்தார்கள்? எலிசா ஸ்னோ 1835இல் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. மணமாகாதவர், பத்திரிகைகளில் கவிதை எழுதி ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர். பின்னாளில் ஜோசப் ஸ்மித்தையும், அவர் கொல்லப்பட்ட பிறகு சபைக்குத் தலைமையேற்ற பிரிகாம் யங்கையும் மணந்தார் என்பது உண்மைதான். அதற்காக அவர் சபைக்கு வந்ததே அந்தத் தாலிகளுக்காக என்று எழுதிவிட முடியுமா?

சேரா கிம்பல் கதை தங்களுக்குத் தெரிந்திருக்கும். 1841, இல்லினாய் மாநிலத்து நாவூ நகரம். ஆலயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சேராவுக்கு நன்கொடை தர ஆசை, கையில் காசில்லை. கணவர் ஹைரம் வசதியான வணிகர், ஆனால் அப்போது அவர் சபையில் சேராதவர். கேட்கவும் மனமில்லை. பிறந்து சில நாளே ஆன மகன் கட்டிலில் கிடக்கிறான். ‘இவனுக்கு என்ன மதிப்புப் போடலாம்?’ என்று கணவரைக் கேட்கிறார். ஆயிரம் டாலர் பெறுவான் என்ற பதில் வருகிறது. ‘அவனில் பாதி என்னுடையது, இல்லையா?’ ‘ஆமாம்.’ ‘அப்படியானால் ஆலயத்துக்குக் கொடுக்க என்னிடமும் ஏதோ இருக்கிறது.’ இதுதான் தங்கள் கட்டுரையாளர் கண்ட நிழல்! ஆலயத் தொழிலாளர்களுக்குச் சட்டை தைத்துத் தரலாம் என்று இதே சேராவும் அவர் வீட்டுத் தையற்காரப் பெண்ணும் பேசிக்கொண்டதில் இருந்துதான் 1842 மார்ச்சில் ‘ரிலீஃப் சொசைட்டி’ என்ற பெண்கள் சங்கம் பிறந்தது. ஜோசப் ஸ்மித்தின் மனைவி எம்மா தலைவி, எலிசா செயலாளர். கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை.

மிசௌரியில் 1833 ஜூலையில் மார்மன் எதிர்ப்புக் கும்பல் சபையின் அச்சகத்தை இடித்ததையும் எழுதியிருக்கிறார். வெளியே வீசப்பட்ட அச்சுத்தாள்கள் ‘காப்பாற்றப்பட்டன’ என்று முடித்துவிட்டார். யாரால்? மேரி ராலின்ஸ், கரோலின் ராலின்ஸ் என்ற இரு சிறுமிகளால். மூத்தவளுக்கே வயது பதினைந்து. இரு கை நிறைய அள்ளிக்கொண்டு வேலி இடுக்கில் நுழைந்து, ஆளுயரம் வளர்ந்திருந்த மக்காச்சோளக் கொல்லைக்குள் ஓடி, தாள்களைத் தரையில் வைத்து அவற்றின் மேல் படுத்துக்கொண்டார்கள். துரத்தி வந்தவர்கள் பக்கத்திலேயே தேடிவிட்டுத் திரும்பினார்கள். இவ்வளவும் ‘காப்பாற்றப்பட்டன’ என்ற ஒரு வினையில் அடங்கிவிட்டது.

இந்த வித்தை எனக்குப் பழக்கமானதுதான். நான் வரலாறு கற்பித்த பள்ளியின் நூற்றாண்டு மலரில் தாளாளர்கள், தலைமையாசிரியர்கள், கட்டட ஒப்பந்ததாரர் உட்பட அனைவருக்கும் படம் உண்டு. மாலை வகுப்பை ஊதியமில்லாமல் தொடங்கி நடத்திய எங்களுக்கு ‘ஆசிரியைகளும் ஒத்துழைத்தனர்’ என்ற ஒரு வரி. பிழைதிருத்தம் பார்த்துக் கொடுத்தவளும் நான்தான்.

தங்கள் இதழிடமும் எனக்குப் பழைய பாக்கி ஒன்று இருக்கிறது. பெண்கள் வாக்குரிமைச் சிறப்பிதழில் மார்மன்கள் குடியேறிய யூட்டாவை விட்டுவிட்டீர்கள். அங்கே பெண்கள் 1870 பிப்ரவரியிலேயே வாக்களித்தார்கள். 1887இல் வாஷிங்டன் அந்த உரிமையைப் பறித்தது. 1896இல் மாநிலமானபோது மீண்டும் பெற்றார்கள். அதே 1896இல் மார்த்தா கேனன் என்ற மருத்துவர் மாநில செனட்டுக்கு நின்று வென்றார். எதிர்க்கட்சிப் பட்டியலில் நின்று தோற்றவர்களில் ஒருவர் அவருடைய கணவர். இதையெல்லாம் விவரமாக எழுதி அனுப்பினேன். ‘அட்டைப்படம் அருமை’ என்ற என் முதல் வரியை மட்டும் வெளியிட்டு, மற்றதைக் குப்பைக்கூடைக்கு அனுப்பினீர்கள். நன்றி.

கட்டுரையில் என்னை உறங்கவிடாமல் செய்தது ஜேன் மேனிங்கின் பெயர் இல்லாததுதான். கனெக்டிகட்டில் அடிமையாக அல்லாமல் பிறந்த கறுப்பினப் பெண். 1843இல் குடும்பத்தோடு நாவூவுக்குப் புறப்பட்டார். பஃபலோவில் அவர்களைப் படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். சுமார் 800 மைல் நடந்தார்கள். செருப்பு தேய்ந்துபோய், பாதம் வெடித்து, நடந்த தடத்தில் இரத்தம் படிந்ததை அவரே முதுமையில் சொல்லி எழுதவைத்திருக்கிறார். 1847இல் யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். 1849இல் பஞ்சம். பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தன்னிடம் இருந்த மாவில் ஏறக்குறைய பாதியை, இரண்டு பவுண்டு, கொடுத்தார். வாங்கியவர் நாட்குறிப்பில் பதிந்து வைத்ததால் நமக்குத் தெரிகிறது. அப்படிப்பட்டவர் ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளைக் கேட்டு மன்றாடியபோது, தோலின் நிறம் பார்த்துச் சபை மறுத்தது. 1894இல் ஒரு சலுகை காட்டினார்கள்: மறுமையில் ஜோசப் ஸ்மித்துக்குப் பணியாளாக அவரைப் பிணைக்கும் சடங்கு. அதற்கும் அவரை உள்ளே விடவில்லை. வேறொரு பெண் அவருக்குப் பதிலாக நின்றார். 1908இல் இறக்கும்வரை நம்பிக்கையை விடவில்லை. அந்தத் தடையைச் சபை நீக்கியது 1978இல்தான். சபையைச் சாட வேண்டும் என்றாலும் இதைவிடக் கூர்மையான ஆயுதம் கட்டுரையாளருக்குக் கிடைத்திருக்காது. அதைக்கூடத் தேடவில்லையே!

மகள் வேலை பார்க்கும் சால்ட் லேக் சிட்டியில் சில மாதம் தங்கியிருந்தபோது ஜேனின் கல்லறையைத் தேடிப் போய்ப் பார்த்தேன். நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். கட்டுரையாளர் அவ்வளவு தூரம் போக வேண்டாம், நூலகம்வரை போயிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் நான்கு வரியில் ஒரு திருத்தம், அதில் சேரா, ஜேன் இருவரின் பெயர்கள். இடமில்லை என்றால் இராசிபலனில் ஒரு இராசியைக் குறைக்கலாம்; என்னுடையது கன்னி, எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைப்படத்தைப் பற்றி இம்முறை நான் எதுவும் எழுதவில்லை என்பதையும் கவனிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கோயம்புத்தூர்