வெயிலில் நிற்கும் கார்களுக்கு நிழல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்துக்காரர்களான நமக்கு வெயில் விஷயத்தில் ஓர் அலட்சியம் உண்டு. வேலூரிலும் திருச்சியிலும் 40 டிகிரி கொளுத்தும்போது, இரண்டு பருவமழையும் பக்கத்திலேயே கடலும் மலையும் இருக்கிற நமக்கு என்ன கவலை என்று இருந்துவிடுகிறோம். நிறுத்தி வைத்த காருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதை நான் சென்ற சித்திரையில் காசு கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாவட்டத்தின் ஒரு ரயில் நிலையத்தில், கட்டணம் செலுத்தி, திறந்தவெளியில் காரை விட்டுவிட்டுத் திருவனந்தபுரம் சென்றிருந்தேன். மாலையில் வந்து பார்த்தால், முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவின் மூடி பிளந்து, உள்ளே இருந்த பேட்டரி பொரித்த பப்படம் போல உப்பியிருந்தது. டேஷ்போர்டில் உள்ள தொடுதிரையோ, ஓரிடத்தில் விரல் வைத்தால் வேறிடத்தில் வேலை செய்தது. ஒரு வாரத்தில் அடியோடு கறுத்துவிட்டது.

வெளியே 35 டிகிரிதானே என்று நினைப்பதில்தான் தவறு இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2005ல் வெளியிட்ட ஆய்வின்படி, வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி ஏறுகிறது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைப்பதாலும் பெரிய பயன் இல்லை. அப்படியானால் நம் ஊர் 35 டிகிரி, காருக்குள் 55ஐத் தாண்டுகிறது. நேர் வெயில் படும் டேஷ்போர்டின் சூடு அதற்கும் மேல். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மின்சுற்றுகளில் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் என்ற உறுப்பின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்குப் பழகிய கணக்கு. வண்டியோடு வரும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் 105, 125 டிகிரி வரை தாங்கும் சில்லுகளை (சிப்) பொருத்துகிறார்கள். நாம் விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கி மாட்டும் திரையும் கேமராவும் பெரும்பாலும் அந்தத் தரத்தில் செய்யப்பட்டவை அல்ல.

இப்போது நான் முன்கண்ணாடிக்கு உள்ளே வெள்ளித்தாள் மறைப்பை விரிக்காமல் காரைப் பூட்டுவதில்லை. திரும்பி வந்ததும் நான்கு கதவுகளையும் சற்று நேரம் திறந்து வைத்து, ஏசி ஓடி உள்ளே குளிர்ந்த பிறகே திரையையும் போன் சார்ஜரையும் தொடுகிறேன். புதிதாக வாங்கிய கேமராவில் பேட்டரிக்குப் பதில், வெப்பத்தை அதைவிட நன்றாகத் தாங்கும் சூப்பர் கெபாசிட்டர் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள், அதன் காற்றுத் துளைகளைத் தரைவிரிப்பு மூடியிருக்கிறதா என்று ஒரு முறை குனிந்து பார்ப்பது நல்லது. கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதை 2012லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது.

ஆனால் நாள் முழுவதும் திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு இதெல்லாம் அரைகுறைத் தீர்வுதான். நிழல் தந்த சாலையோரப் புளியும் வேம்பும் சாலை விரிவாக்கத்தில் பல இடங்களில் போய்விட்டன. தென்னை நிழல் இருக்கிறதே என்றால், அங்கே காரை விடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்! எனவே, கட்டணம் வாங்கும் நிறுத்துமிடங்களில் கூரை அமைப்பதை ஒப்பந்த நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்று ரயில்வேயையும் உள்ளாட்சி அமைப்புகளையும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூரையைச் சூரிய மின்தகடுகளால் அமைத்தால் ஒரு கார் நிற்கும் பரப்பில் ஒரு கிலோவாட் திறனுக்குக் குறையாமல் நிறுவலாம். நிலையத்தின் விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் பகலில் அந்த மின்சாரம் உதவும். ஆரல்வாய்மொழிக் காற்றில் மின்சாரம் எடுக்கும் மாவட்டத்துக்கு இது புதிய யோசனையும் அல்ல. காலையில் விட்ட வண்டி மாலை வரை அசையாமல் நிற்கும் ரயில் நிலையங்களில் இதை முதலில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை.