ஹியூப்ரிஸ் என்ற சொல்லைப் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள சந்திரனுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. வலது கண்ணில் புரை நீக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது நலமாக இருக்கிறேன். உன் மனைவியின் முழங்கால் வலி தணிந்து, கோயில் வரை நடந்து போய்வருகிறார் என்று எழுதியிருந்தது மிகுந்த ஆறுதலாக இருந்தது.

கண்ணுக்கு ஓய்வு கொடுத்த நாட்களில் மாலைதோறும் என் மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். வாசகர் வட்டத்தில் நீ சோஃபக்ளிஸின் ஈடிபஸ் நாடகத்தைப் பற்றிப் பேசப்போவதாகச் சொல்லியிருந்ததால், கிரேக்கத் துன்பியல் நாடகங்களையே படிக்கச் சொன்னேன். செருக்குற்றவனைத் தெய்வம் வீழ்த்தும் என்ற ஒரே வரியில் அந்த நாடகங்கள் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம் அல்லவா என்று நீ கேட்டிருந்தாய். கல்லூரியில் நாம் அப்படித்தான் படித்தோம். பின்னர் என் மாணவர்களுக்கும் நான் அதையே சொல்லிக்கொடுத்தேன். இப்போது அது போதாது என்று உறுதியாக நினைக்கிறேன். நீ மேடை ஏறுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. கிரேக்கர்கள் ஹியூப்ரிஸ் என்றதை நாம் செருக்கு, இறுமாப்பு, ஆணவம் என்றெல்லாம் தமிழாக்குகிறோம். இவை யாவும் மனத்துக்குள் இருப்பவை. ஒருவன் தன் அறையில் தனியே அமர்ந்துகூட ஆணவம் கொள்ளலாம். ஹியூப்ரிஸ் பெரும்பாலும் அப்படியன்று. அதற்கு எதிரே இன்னொருவர் வேண்டும். தனக்கு ஆதாயம் எதுவும் இல்லாதபோதும், இழிவுபடுத்துவதில் கிடைக்கும் இன்பத்துக்காகவே மற்றவருக்கு அவமானம் நேரும்படி செய்வதும் சொல்வதும் ஹியூப்ரிஸ் என்று அரிஸ்டாட்டில் தமது சொற்பொழிவுக் கலை பற்றிய நூலில் விளக்குகிறார். ஏதென்ஸில் அது சட்டப்படி குற்றம். அடிமைக்கு இழைக்கப்பட்டாலும் வழக்குத் தொடரலாம். கி.மு. 348 இல், டயோனைசஸ் தெய்வத்துக்கான விழாவின்போது, நாடக அரங்கிலேயே, பலர் பார்க்க, மெய்டியஸ் என்ற செல்வந்தர் புகழ்பெற்ற சொற்பொழிவாளர் டெமாஸ்தனிஸை அறைந்தார். அதற்கு எதிராக டெமாஸ்தனிஸ் எழுதிய உரை இன்றும் நமக்குக் கிடைக்கிறது. வலியைவிட அவமானமே பெரிது என்று அதில் அவர் வாதிடுகிறார்.

இந்தப் பொருளை மனத்தில் வைத்து 'அகமெம்னன்' நாடகத்தைக் கேட்டபோது, எனக்கு நன்றாகத் தெரிந்த காட்சி முற்றிலும் வேறாகத் தோன்றியது. கி.மு. 458 இல் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய நாடகம் அது. பத்தாண்டுப் போர் முடிந்து டிராயிலிருந்து அரசன் அகமெம்னன் திரும்பி வருகிறான். தேரிலிருந்து வாசல் வரை, கடல் நத்தையிலிருந்து எடுத்த விலைமிக்க செஞ்சாயம் தோய்ந்த துணிகளை விரிக்கும்படி அவன் மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா பணிக்கிறாள். தெய்வங்களுக்குரிய மரியாதை தனக்கு வேண்டாம் என்று அவன் முதலில் மறுக்கிறான். வென்றிருந்தால் டிராய் மன்னன் பிரியம் என்ன செய்திருப்பான் என்று அவள் கேட்கிறாள், நடந்திருப்பான் என்கிறான். சற்று நேரத்தில் இவனும் இணங்கிவிடுகிறான். ஆனால் காலணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டு, வெறுங்காலுடன் நடக்கிறான். தவறு என்று அறிந்தே நடக்கிறான் என்பதற்கு அந்தக் காலணிகளே சாட்சி. அவள் கையால் சாகப்போகும் அவன் உள்ளே போகும்போது, கடல் இருக்கிறது, அதை யாரால் வற்றச் செய்ய முடியும் என்று அவள் சொல்லும் இடத்தில் என் மகள் படிப்பதைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டாள்.

நாம் வகுப்பில் இந்தக் கம்பளத்தையே அவனுடைய ஆணவத்தின் அடையாளமாகக் கற்றோம். ஆனால் நாடகத்தின் தொடக்கத்தில், அவனுடைய அர்கோஸ் நகரத்து முதியவர்கள் பத்தாண்டுகளுக்கு முன் நடந்த இன்னொன்றை நினைவுகூர்கிறார்கள். கப்பல்கள் புறப்படக் காற்று வேண்டும் என்பதற்காக அவன் தன் மகள் இஃபிஜீனியாவை ஓர் ஆட்டைப்போலப் பலிபீடத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் செய்கிறான். அவள் குலத்தைச் சபித்துவிடாதபடி வாயைக் கட்டச் சொல்கிறான். தந்தையின் விருந்துக் கூடத்தில் எத்தனையோ முறை பாடிய வாய் அது. பேச முடியாத அந்தப் பெண் கொல்ல நின்றவர்கள் ஒவ்வொருவரையும் கண்ணால் பார்க்கிறாள். அவனுடைய வீழ்ச்சி கம்பளத்தில் அன்று, அங்கேதான் தொடங்கியது என்று நான் நம்புகிறேன்.

ஈடிபஸ் விஷயத்தில் நீ மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அவனுக்குச் சினம் உண்டு. கண்பார்வையற்ற குறிசொல்லி டைரீசியஸிடமும் மைத்துனன் கிரியோனிடமும் அநியாயமாகவே பேசுகிறான். கொடுங்கோலனைப் பிறப்பிப்பது ஹியூப்ரிஸ் என்று பாடற்குழுவும் பாடுகிறது. ஆனாலும் தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் நாடகம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அவன் அறியாமல் நடந்து முடிந்தவை. நாடகத்துக்குள் அவன் செய்வதெல்லாம், கொள்ளை நோயிலிருந்து தான் ஆளும் தீப்ஸ் நகர மக்களைக் காப்பாற்ற உண்மையைத் தேடுவது. நிறுத்திவிடு என்று அவன் மனைவி ஜொகாஸ்டா கெஞ்சிய பிறகும் தேடுவது. இதை ஆணவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொன்னால் சோஃபக்ளிஸுக்கு அநீதி இழைக்கிறோம். அரிஸ்டாட்டில் 'கவிதையியலில்' நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமாகச் சொல்லும் ஹமார்த்தியாவும் ஆணவமன்று. குறி தவறுதல் என்ற பொருளிலிருந்து வந்த சொல் அது.

நீ விரும்பும் பாடத்துக்கு நேராகப் பொருந்துவது 'பாரசீகர்கள்' நாடகம்தான். பாரசீகரைக் கிரேக்கர் வென்ற சலாமிஸ் கடற்போர் நடந்தது கி.மு. 480 இல், எட்டே ஆண்டுகளில், கி.மு. 472 இல், ஈஸ்கிலஸ் அதை மேடையேற்றினார். ஹியூப்ரிஸ் பூத்து, அழிவு கதிராக முற்றி, கண்ணீரே அறுவடையாகிறது என்று இறந்த பாரசீக மன்னன் டேரியஸின் ஆவி, படையெடுத்துத் தோற்ற தன் மகன் செர்க்ஸஸைப் பற்றிச் சொல்கிறது. இதைக் கேட்டவர்கள் அமர்ந்திருந்த இடத்தை நினைத்துப் பார். ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபோலிஸின் தெற்குச் சரிவு அது. தலைக்கு மேலே, அதே செர்க்ஸஸின் படை எரித்த கோயில்கள் இன்னும் கட்டப்படாமல் கிடந்தன. பார்வையாளர்களில் பலர் சலாமிஸில் துடுப்பு வலித்தவர்களாக இருந்திருப்பார்கள். ஈஸ்கிலஸோ பாரசீகருக்கு எதிரான முந்தைய மராத்தான் போரில் தாமே போரிட்டவர். உடன் போரிட்ட சகோதரரை அங்கே பறிகொடுத்தவர். அப்படிப்பட்டவர் வெற்றிப்பாட்டு எழுதவில்லை. நாடகத்தில் ஒரு கிரேக்க வீரனின் பெயர்கூட வருவதில்லை. மாண்ட பாரசீகர்களின் பெயர்கள்தாம் ஒவ்வொன்றாக வருகின்றன, அவர்களுக்காக அழும் தாய்மாரும் மனைவியரும் வருகிறார்கள். அந்த நாடகத்துக்கு ஏதென்ஸ் முதல் பரிசு கொடுத்தது. தோற்றவனைப் பார்த்துச் சிரிப்பதும் ஹியூப்ரிஸ்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதைத் தவிர, இதற்கு எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

சோஃபக்ளிஸின் 'அயாக்ஸ்' இதை நேரடியாகவே காட்டுகிறது. டிராய்ப் போரில் மாண்ட வீரன் அக்கிலீஸின் படைக்கலங்கள் தனக்குக் கிடைக்காமல் ஒடிசியஸுக்குக் கிடைத்த சினத்தில் பித்தேறி, கால்நடைகளைப் படைத்தலைவர்கள் என எண்ணி வெட்டிவிட்டு, ஒடிசியஸ் என்று நினைத்து ஒரு விலங்கைக் கட்டி வைத்துச் சாட்டையால் அடித்துக்கொண்டிருக்கிறான் அயாக்ஸ். அதீனா தேவி ஒடிசியஸை அழைத்து அதைக் காட்டி, பகைவனைப் பார்த்துச் சிரிப்பதைவிட இனிய சிரிப்பு உண்டா என்று கேட்கிறாள். ஒடிசியஸ் சிரிக்கவில்லை. பகைவனே ஆனாலும் இவனுக்காக இரங்குகிறேன், இவன் நிலையில் என் நிலையையும் காண்கிறேன், வாழும் நாம் எல்லோரும் நிழல்கள்தாமே என்கிறான். அயாக்ஸ் தற்கொலை செய்துகொண்ட பின், அவனை அடக்கம் செய்யக் கூடாது என்று தடுக்கும் அகமெம்னனிடம் வாதாடி அனுமதி பெறுபவனும் ஒடிசியஸே. நேரம் இருந்தால் இந்த முதல் காட்சியை மட்டுமாவது அவையில் படித்துக் காட்டு. விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம்.

கூட்டம் எந்தத் தேதியில் என்று தெரிவி. பயணம் செய்யலாம் என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டால் முதல் நாள் மாலையே வந்துவிடுகிறேன். மகளும் வருகிறேன் என்கிறாள். அயாக்ஸ் காட்சியை அவளையே படிக்கச் சொல்லலாம்.

உன் அன்பு நண்பன்,
இராமலிங்கம்