அந்த மேடைக்கு நான் வரவில்லை, அண்ணா

அண்ணா,

கடல்மட்டம் ஏறுவதற்குக் காரணம் மனிதனா இயற்கையா என்ற அடுத்த மாத விவாதத்துக்கு எனக்குப் பதில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். யார் கூப்பிட்டார்கள், போன முறை என்ன ஆனது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை மறுபடி எழுதப்போவதில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சிரித்துவிடுவேன், வைக்கும்போது பார்த்தால் எப்படியோ வருவதாக ஒத்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் எழுத்தில், அதுவும் நாலு பேர் படிக்கும் இடத்தில். நீங்கள் பேசுவதும் நாலு பேருக்கு முன்னால்தானே.

பயந்துவிட்டான் என்று மட்டும் சொல்லாதீர்கள். எல்லாம் இயற்கைதான் என்று நீங்கள் வைக்கும் வாதங்கள் எனக்கு மனப்பாடம். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது, அதை உயர்த்தியது எந்தத் தொழிற்சாலை என்று கேட்பீர்கள். சரி, அது இயற்கைதான், பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறியதில் பனியுகம் முடிந்தது. ஆனால் அந்த ஏற்றம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பாலும் அடங்கிவிட்டது என்பதை மட்டும் சொல்ல மாட்டீர்கள். அப்புறம் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமுக்குப் போவீர்கள், அங்கே கடல் இறங்குகிறதே என்று. பனியுகத்துப் பாரம் நீங்கிய தரை அங்கே இன்னும் மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அறிவியல் குழுவில் மோ புரூக்ஸ் என்ற உறுப்பினர், பாறையும் மண்ணும் கடலில் விழுவதால் மட்டம் ஏறுகிறதோ என்று கேட்டாரே, அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சிரித்தோம். கடலை ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர்த்தச் சுமார் 360 கன கிலோமீட்டர் பாறையும் மண்ணும் வேண்டும் என்று பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டியவர் நீங்கள். அப்படிக் கணக்குப் போட்ட அண்ணன் எங்கே போனார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஏனென்றால் அந்த டம்ளர்.

வீடு நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டிகளைப் போட்டு, தண்ணீர் நின்ற இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டீர்கள். டம்ளர் வெளியே வேர்த்திருந்ததால் மை இழுகிவிட்டது, சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டீர்கள், அந்தப் பொறுமை மாறவே இல்லை. ஐஸ் கரையும் வரைக்கும் ஒரு பிள்ளைகூட நகரவில்லை. கடைசியில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. "பாத்தீங்களா, ஏறலையே! இதுக்குப் போய் உலகமே அலறுது" என்றீர்கள். கைதட்டினார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், ஒரு நொடிதான், உடனே டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது இதே சோதனையை எனக்கு இரண்டு டம்ளர் வைத்துச் செய்து காட்டினீர்கள். ஒன்றில் ஐஸ் மிதந்தது. இன்னொன்றில் ஒரு கல்லைப் போட்டு, தண்ணீருக்கு மேலே துருத்திய அதன் தலையில் ஐஸை உட்கார வைத்தீர்கள். அதில் தண்ணீர் கோட்டைத் தாண்டியது. ஆர்க்டிக்கில் மிதக்கும் பனி முதல் டம்ளர், கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் இரண்டாவது என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள். எனக்கு அறிவியல் பிடித்ததே அன்றைக்குத்தான். அந்தக் கல்லை எங்கே தொலைத்தீர்கள், அண்ணா? மறந்துபோகிற ஆள் இல்லையே நீங்கள்.

சாப்பிடாமல் எழுந்து போனதற்கு மன்னித்துவிடுங்கள். வந்தவர்கள் முன்னால் உங்களுக்கு அது சங்கடம் என்று தெரியும். ஆனால் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் முன்னாலேயே பேசியிருப்பேன், அது இதைவிட மோசமாகப் போயிருக்கும். அதற்கப்புறம் அறைக்குள் நீங்கள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்று இவரைப் பற்றி யாரும் கிளப்பிவிட வேண்டாம். ஒரு பைசா வாங்குகிறவர் இல்லை. வாங்கியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். கைதட்டலுக்காக என்பதுதான் தாங்கவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டால், அந்தத் தலைப்புதான். "மனிதனா, இயற்கையா?" என்று போட்டு ஆளுக்கு அரை மணி நேரம் கொடுத்தால், கேட்பவர்கள் பாதிப் பாதி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கடலில் அப்படிப் பாதிப் பாதி இல்லை. சாட்டிலைட்டுகள் 1990-களிலிருந்து மொத்த உயரத்தை அளக்கின்றன. ஆர்கோ என்ற தானியங்கி மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம் வரை போய் வெப்பத்தைப் பார்த்துவிட்டு வருகின்றன. 2002-ல் ஏவிய கிரேஸ் இரட்டைச் சாட்டிலைட்டுகள் ஈர்ப்பு விசை மாறுவதை வைத்து கிரீன்லாந்து, அண்டார்டிகா பனிப்படலங்களை எடையே போட்டன. சூடேறி விரிந்த தண்ணீரையும் நிலத்திலிருந்து வந்து சேர்ந்த தண்ணீரையும் கூட்டினால் மொத்தத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைக் கணக்கில் 1971-லிருந்து 2018 வரை ஏறியதில் பாதி வெறும் விரிவு, மீதியில் பெரும்பகுதி மலைப் பனியாறுகளும் பனிப்படலங்களும் உருகியது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். அது குளிர்ந்துகொண்டிருக்கிறது, வெப்பத்தைக் கீழேயே பிடித்துவைப்பது நாம் விடும் கரியமில வாயு. 2010-11-ல் கடல் சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கியதை நீங்கள் கட்டாயம் எடுப்பீர்கள். பசிபிக் கடல் குளிர்ந்து மழை இடம் மாறும் லா நினா காலம் அது, அந்த மழையில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா மாதிரி நிலங்களில் தங்கிவிட்டது, பின்னால் கடலுக்கே திரும்பியது, இதுவும் உங்களுக்குத் தெரியும்.

தெரியும், தெரியும் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். தெரியாதவரோடு ராத்திரி முழுக்கப் பேசலாம். உங்களுக்கு எதிரே உட்கார்ந்து, தெரியாத மாதிரி நீங்கள் கேட்க, தெரியாதவருக்குச் சொல்கிற மாதிரி நான் பதில் சொல்ல, என்னால் முடியாது.

என் குறிப்புகளை வருகிறவரிடம் கொடுத்துவிட்டேன். இனி நீங்கள் டம்ளரை எடுத்தால் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் இரண்டாவது எங்கே என்று கேட்பார். அதற்காகத்தான் ஊரறிய எழுதினான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பாதி உண்மை.

அம்மா கேட்டால் நமக்குள் சண்டை என்று சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். எடுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.