சரிந்த தரையை மட்டமாக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதையை ஒட்டிய எங்கள் சிறு நகரத்தில், படமாளிகையாகக் கட்டப்பட்டு, பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, பின்னர் இசை நிகழ்ச்சிகளுக்கான மண்டபமாகத் திறக்கப்பட்ட பழைய கட்டடம் ஒன்று இப்போது மூன்றாவது மாற்றத்தை எதிர்நோக்கி நிற்கிறது. இருக்கைகளைக் கழற்றி, மேடையை நோக்கிச் சரிந்திறங்கும் தரைக்குக் கொங்கிறீற் கொட்டி மட்டமாக்கி, திருமணங்களுக்கும் விருந்துகளுக்கும் வாடகைக்கு விடும் யோசனை இருப்பதை உரிமையாளரே மறுக்கவில்லை. உள்ளூராட்சிச் சபை உறுப்பினர்கள் சிலர் அவரோடு பேசிக்கொண்டிருக்கும் வேளையில் பத்திரிகையில் பெயர் வந்து அந்தப் பேச்சு முறிந்துவிடக் கூடாது என்பதால் மண்டபத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். மலைநாட்டின் வேறு நகரங்களிலும் இத்தகைய கட்டடங்கள் இருப்பதால், இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய விடயமன்று.

என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்தத் தரையை மட்டமாக்கக் கூடாது. இசை நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் வருவதில்லை, ஆகவே மண்டபத்தை வேறு வழிக்குத் திருப்ப வேண்டும் என்று கூறப்படுகிறது. கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் கேட்க ஆளில்லாமல் அது குறையவில்லை. வரக்கூடியவர்கள் வர முடியாத நேரத்தில், அவர்களால் கொடுக்க முடியாத விலைக்கு, அவர்களுடைய கலைக்கு இடமில்லாத மேடையில் நிகழ்ச்சிகளை நடத்தியதாலேயே குறைந்தது என்பது, தோட்டப் பாடசாலைகளில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்ற எனது உறுதியான கருத்து.

சிற்றம்பலம் கார்டினர் 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பின்னர் படமாளிகைத் தொழில் கொழும்பைத் தாண்டி வெளிமாவட்ட நகரங்களுக்கும் பரவியது. உள்ளூர் வர்த்தகர்களும் அதில் முதலிட்டார்கள். எங்கள் படமாளிகையும் அப்படி எழுந்ததே. திரைக்கு அருகே வாங்குகள் போட்ட கலரி, அதன் பின்னே இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு, மேலே பல்கனி என்று அது அமைந்திருந்தது. துரைமாரும் கடை முதலாளிமாரும் பல்கனியில் அமர்ந்தார்கள் என்றாலும், கட்டடத்தின் செலவைத் தாங்கியது கலரிதான். சம்பளம் போட்ட வாரத்துச் சனி, ஞாயிறுகளில் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் நடந்தும் லொறி ஏறியும் வந்தார்கள். எம்.ஜி.ஆர். 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால், அவருடைய படம் ஓடிய நாட்களில் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வருவதைப் போல உரிமையோடு வந்தார்கள். தொழிற்சங்கவாதியான வீ.பீ. கணேசன், தெளிவத்தை ஜோசப் எழுதிய கதையைக் கொண்டு தோட்டத் தொழிலாளரின் வாழ்வைச் சொல்லும் ‘புதிய காற்று’ படத்தை 1975இல் வெளியிடத் துணிந்ததும் இத்தகைய பார்வையாளர்களை நம்பித்தான் என்று கருதுகிறேன்.

இந்தப் படமாளிகைகள் ஏன் வீழ்ந்தன என்று கேட்டால், தொலைக்காட்சி வந்ததால் என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. வீடியோ கசற்றுகளும் வந்தன. ஆனால் அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் மின்சாரமே இருக்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் இரவைக் கழித்த குடும்பங்களைத் தொலைக்காட்சி எப்படிக் கலரியிலிருந்து இழுத்திருக்க முடியும்? நகரத்துப் பல்கனிக்கு அந்தப் பதில் பொருந்தலாம், கலரிக்குப் பொருந்தாது.

கலரி வெறுமையானதற்கு வேறு காரணங்கள் உண்டு. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழர் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதற்கு வழிசெய்தது. மலைநாட்டு நிலையங்களில் ஏறித் தலைமன்னார் வழியாக இராமேஸ்வரம் போனவர்களைச் சுமந்த புகையிரதத்தை எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் லயங்களில் காம்பராக்கள் காலியான அந்த ஆண்டுகளில், அங்கு வாழ்ந்தவர்கள் அமர்ந்திருந்த வாங்குகளும் காலியாயின. 1972இல் திரைப்பட இறக்குமதியும் விநியோகமும் அரச கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்த பின்னர், தென்னிந்தியப் படங்களின் வரத்து வெகுவாகச் சுருங்கியது. பின்னர் தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறை வந்தது. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா படப்பிடிப்பு நிலையம் எரிக்கப்பட்டது. பதுளையிலும் நுவரெலியாவிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எங்கள் படமாளிகைக்கு நெருப்பு வைக்கப்படவில்லை. எனினும், இருட்டிய பின் நகரத்தில் நிற்கவே அஞ்சிய மக்களுக்கு இரவுக் காட்சி எதற்கு? முதலில் இரவுக் காட்சி நின்றது. பின்பு பழைய படங்களை மட்டும் ஓட்டினார்கள். கடைசியில் கதவைப் பூட்டினார்கள்.

இதையெல்லாம் விரித்து எழுதுவதற்குக் காரணமுண்டு. தன் பார்வையாளர்களை இழந்ததாலேயே அந்தக் கட்டடம் ஒரு முறை மூடப்பட்டது. அதே பார்வையாளர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் மறுபடி திறந்ததால், இப்போது மீண்டும் தடுமாறுகிறது.

கட்டடத்தை இசை மண்டபமாக்கிய இன்றைய உரிமையாளரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அவர் அதை இடித்துக் கடைத்தொகுதி கட்டியிருக்கலாம். வங்கிகளும் அதற்கே இலகுவில் கடன் கொடுத்திருக்கும். அவர் திரையை அகற்றி மேடையை முன்னால் நீட்டினார். படம் ஓட்டிய அறையை ஒலி, ஒளிக் கட்டுப்பாட்டு அறையாக்கினார். எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுப் படச்சுருள்கள் புழங்கிய காலத்தில் நெருப்புக்கு அஞ்சித் தடித்த சுவரோடு கட்டப்பட்ட அறை அது. மண்டபம் முழுவதையும் உயரத்திலிருந்து நேராகப் பார்க்கக்கூடிய இடமும் அதுவே. பேசும் படத்துக்கென்று கட்டப்பட்ட மண்டபத்தில் எதிரொலியை அடக்குவதே முதல் தேவை. சுவர்களில் பதித்த தும்புப் பலகைகள் அந்த வேலையை இன்றும் செய்கின்றன. வீணைக் கச்சேரிக்கு இந்த உலர்ந்த ஒலி சற்றுக் குறையாகத் தோன்றலாம். தப்பு, உறுமி, நாதஸ்வரம், தவில் போன்ற உரத்த வாத்தியங்களுக்கும், ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டிய கூத்துப் பாட்டுக்கும் இதைவிடப் பொருத்தமான உள்ளரங்கு எங்கள் வட்டாரத்தில் கிடையாது. குறை, கூரைதான். தென்மேல் பருவமழை தகரத்தில் அறையும்போது பாடகர் வாயசைப்பது மட்டுமே தெரியும். கூரைக்கும் உட்தட்டுக்கும் இடையே ஒலி உறிஞ்சும் பொருள் பரப்பினால் இது பெருமளவு தணியும். அதற்கான செலவு தரையை நிரப்பி ஓடு பதிக்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும் என எண்ணுகிறேன்.

திறந்த புதிதில் கொழும்பிலிருந்து வந்த இசைக்குழுக்களுக்கு மண்டபம் நிறைந்தது உண்மை. ஆனால் நிகழ்ச்சிகள் மாலை ஆறரை, ஏழு மணிக்கே தொடங்கின. தோட்டப் பாதைகளில் கடைசி பஸ் வண்டி அந்த நேரத்துக்கு முன்பே புறப்பட்டுவிடும். முச்சக்கரவண்டி பிடித்தால் அதன் கூலி டிக்கட் விலையைத் தாண்டும். டிக்கட்டோ, மிகக் குறைந்த வகுப்பிலும், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் ஒரு நாட் சம்பளத்துக்கு மேற்பட்டது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று இசை கேட்பதற்காக ஒரு வாரத்தின் பெரும்பகுதிச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டுமென்றால், அந்தக் குடும்பம் வராததை ரசனைக் குறைவு என்று எப்படிச் சொல்வது? நகரத்தில் வசதியுள்ளவர்களின் எண்ணிக்கை ஓரளவுதான். அவர்கள் ஓரிரு முறை வந்து போன பின்னர் இருக்கைகள் வெறிச்சோடியது எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்றே.

மேடையில் ஏறுபவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். காமன்கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் ஆடப்பட்டு வரும் கூத்துகள் எங்கள் சொத்து. காமன்கூத்து மாசி, பங்குனி மாதங்களில் காமன் பொட்டல் எனும் திடலில் விரதத்தோடு ஆடப்பட வேண்டிய சடங்கு. அதைப் பிடுங்கி மண்டபத்துக்குள் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் பாடல்களையும் தப்படிகளையும் கற்ற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வருடம் முழுவதும் பாடுவதற்கும் வாசிப்பதற்கும், வாசித்ததற்குக் கூலி பெறுவதற்கும் ஓரிடம் வேண்டும். 2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தபோது, தப்பிசையின்றி எந்தக் கூட்டமும் தொடங்கவில்லை. அந்த ஆண்டு கடந்ததும் அதே கலைஞர்கள் மீண்டும் கோயில் திருவிழாவையும் மரண வீட்டையும் மட்டும் நம்பியிருக்க விடப்பட்டார்கள். நகரத்தின் நடுவே மேடை இருந்தும் அதில் அவர்களுக்கு ஒரு பிற்பகல்கூடக் கிடைக்காதது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

சரிந்த தரைக்காக நான் இவ்வளவு வாதாடுவது இவர்களை எண்ணித்தான். கூத்தும் தப்பாட்டமும் காலில் இருக்கின்றன. மட்டமான தரையில் நாற்காலி போட்டால் பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் தலை தெரியும். ஆடுபவரின் கால் தெரியாது. சரிவான தரையில் கடைசி வரிசையில் இருக்கும் சிறு பிள்ளையும் அடியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அதோடு, விருந்து மண்டபத்துக்கு வேண்டிய ஓட்டுத் தரையும் கண்ணாடிச் சுவரும் வந்தால் இன்றைய ஒலித் தெளிவும் போய்விடும். கல்யாணம் நடத்த எங்கள் நகரில் ஏற்கெனவே வேறு மண்டபங்கள் உள்ளன; முகூர்த்தமில்லாத மாதங்களில் அவையே பூட்டிக் கிடக்கின்றன.

அடிப்படை அமைப்பைக் கெடுக்காமல் விட்டால் ஒரு மண்டபம் பலமுறை உருமாறி மீளும் என்பதற்கு கொழும்பு மருதானையிலேயே சான்று உண்டு. 1911இல் நாடக அரங்காகத் திறக்கப்பட்ட டவர் மண்டபம் பின்னர் படமாளிகையானது; 1978இல் சட்டமியற்றி டவர் மண்டப அரங்க மன்றத்தை அமைத்து, அரசு அதை மீண்டும் நாடகத்துக்கே கொடுத்தது. அருகிலுள்ள எல்பின்ஸ்டன் படமாளிகையும் பின்னர் நாடக அரங்காயிற்று. தலைநகரத்துச் சிங்கள நாடகக் கலைஞர்களுக்கு அரசு செய்தது நியாயமானது, போற்றத்தக்கது. அத்தகைய அக்கறையின் ஒரு சிறு பங்கு மலைநாட்டுக்கும் உரியது.

பழைமையைக் காட்டிச் சட்டப் பாதுகாப்புக் கேட்கலாமே என்பார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டவற்றையே புராதனச் சின்னமாகக் கொள்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. எங்கள் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதாக நாம் நினைவுகூரும் ஆண்டோ 1823. ஆகவே லயமோ, தோட்டக் கோயிலோ, படமாளிகையோ, இந்நாட்டில் எங்கள் மக்கள் கட்டியதும் புழங்கியதுமான எந்தக் கட்டடமும் அந்த எல்லைக்குள் தானாக அடங்காது. இது மாற்றப்பட வேண்டிய நிலை. ஆனால் சட்டம் திருந்தும் வரை எங்கள் தரை காத்திருக்காது.

உடனடியாகச் செய்யக்கூடியவை உள்ளூராட்சிச் சபையின் கையில் இருக்கின்றன. 1946ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டத்தின்படி நுழைவுக் கட்டணத்தின் மீது வரி விதிப்பது சபைதான். 2025 மே 6ஆந் திகதித் தேர்தலில் தெரிவான எங்கள் சபை, உள்ளூர்க் கலைஞர்கள் பங்குபற்றும் நிகழ்ச்சிகளுக்கும் கலரி வகுப்பு டிக்கட்டுகளுக்கும் அந்தச் சுமையை இயன்றவரை குறைக்க முன்வர வேண்டும். அதற்கு ஈடாக, சம்பள வாரத்து ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு நிகழ்ச்சியை நடத்த உரிமையாளர் இணங்க வேண்டும். ஐந்து மணிக்கு அது முடிந்தால் தோட்டத்துக் குடும்பங்கள் பஸ் வண்டியைப் பிடித்துவிடும். முன்வரிசைகளை மீண்டும் கலரியாக்கி, நாட் சம்பளத்தின் ஒரு சிறு பகுதியே விலையாக இருக்கும்படி வைக்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விழா எடுக்கும் தொழிற்சங்கங்கள் திறந்தவெளிப் பந்தலுக்குக் கொடுக்கும் பணத்தை இந்த மண்டபத்துக்குக் கொடுக்கலாம். இவை எதுவும் உரிமையாளரைத் தருமம் செய்யச் சொல்வதாகாது. நிறைந்த கலரி காலியான பல்கனியைவிட அதிகம் சம்பாதித்துத் தந்ததை அவருக்கு முன் அந்தக் கட்டடத்தை நடத்தியவர்களின் கணக்கேடுகளே காட்டும்.

உரிமையாளருக்கு நான் விடுக்கும் கோரிக்கை, கொங்கிறீற் வேலையை ஓராண்டு தள்ளிவைத்து, மாதம் ஒரு பிற்பகலை இவ்விதம் நடத்திப் பார்க்க வேண்டும் என்பது. பாடசாலைகளில் என்னிடம் படித்தவர்கள் இன்று பல தோட்டங்களில் ஆசிரியர்களாகவும் கோயில் பரிபாலன சபைகளில் உறுப்பினர்களாகவும் இருக்கிறார்கள். டிக்கட் விற்கும் பொறுப்பை அவர்களோடு சேர்ந்து நானும் ஏற்கத் தயாராக இருக்கிறேன். சபையின் அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் வரிக் குறைப்புப் பற்றிய பிரேரணையை முன்வைக்க உறுப்பினர் எவரேனும் முன்வந்தால், தோட்டத்துக் கலைக்குழுக்களின் பெயர்ப் பட்டியலை அவரிடம் கையளிப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மலையகம்.