பழைய தமிழ்க் கோப்புகளுக்கு ஒரு சோதனைக் கணினி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டதை அடுத்து, சிங்கப்பூரில் உள்ள தமிழ் அமைப்புகள் பலவும் தங்கள் அலுவலகக் கணினிகளை மாற்றி வருகின்றன. நான் தொண்டூழியராக உதவிவரும் இடங்களிலும் இதே வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது. புதுக் கணினி வந்து சேர்ந்த பிறகுதான், இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த ஆண்டு மலர்களும் நாடகப் பிரதிகளும் செயற்குழுக் கூட்டக் குறிப்புகளும் அதில் திறப்பதில்லை என்பது தெரியவருகிறது. ஒரு கணினிக்குள் பழைய கணினி ஒன்றை ஓட்டும் மெய்நிகர் கணினி மென்பொருளைப் போட்டால் திறந்துவிடலாம் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்ல, அன்று மாலையே அது உறுப்பினர் பட்டியலும் கணக்கும் இருக்கும் கணினியில் நிறுவப்பட்டுவிடுகிறது. அந்த மென்பொருளைத் தனியாக ஒதுக்கிய ஒரே ஒரு சோதனைக் கணினியில் மட்டும் நிறுவ வேண்டும் என்று தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தச் சிக்கல் ஏன் நம்மவர்களுக்கு அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். கணினித் தமிழில் சிங்கப்பூர் முன்னோடி. 1990களின் நடுவில் தமிழை இணையத்தில் ஏற்றிய முயற்சிகளில் முன்னின்ற நா. கோவிந்தசாமி இங்கு வாழ்ந்து பணியாற்றியவர். 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடியது; 2000ஆம் ஆண்டு மாநாடும் இங்கேதான் நடைபெற்றது. முன்கூட்டியே தொடங்கியதால், எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவலாவதற்கு முன்பே நம் அமைப்புகள் ஏராளமாகத் தட்டச்சு செய்துவிட்டன. அக்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு குறியாக்கம், அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை, இருந்தது. டிஸ்கி, டாப், டாம் என்று பொதுத் தரங்கள் வந்த பிறகும், விற்பனையாளர்களின் சொந்த எழுத்துருக்கள் புழக்கத்தில் இருந்துகொண்டே இருந்தன. இன்று அந்தக் கோப்புகளைத் திறந்தால், தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிவரியாகத் தெரிகின்றன.

குறியாக்கம் இன்னதென்று தெரிந்த வெறும் உரையை யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் உண்டு. பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த மலரை அவை மீட்டுத் தருவதில்லை. அதோடு, விண்டோஸ் 3.1 காலத்துத் தமிழ்ச் சொற்செயலிகள் 16 பிட் எனப்படும் பழைய வகை நிரல்கள். 64 பிட் விண்டோஸ் அவற்றை இயக்காது. விண்டோஸ் 11 என்பதோ 64 பிட் வடிவத்தில் மட்டுமே வெளிவருகிறது. எனவே புதுக் கணினியில் எத்தனை முறை நிறுவிப் பார்த்தாலும் அந்த நிரல்கள் இயங்கப் போவதில்லை. விண்டோஸின் பழைய பதிப்பான 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி அவற்றுள் பெரும்பாலானவற்றை இயக்கும். மெய்நிகர் கணினி மென்பொருள், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல நினைவகத்தையும் வட்டையும் பிரித்துக் கொடுத்து, அந்த எக்ஸ்பியை ஒரு சாளரத்துக்குள் ஓட விடுகிறது.

இதை அலுவலகக் கணினியில் ஏன் செய்யக்கூடாது என்று கேட்பவர்களுக்கு, நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அமைப்பின் பொருளாளர் பயன்படுத்தும் கணினியில் மெய்நிகர் மென்பொருளை நிறுவுவதற்காக, கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயோஸின் அமைப்புகள் மாற்றப்பட்டன. மறுபடி தொடங்கியபோது நீலத் திரை தோன்றி, வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டது. அந்தக் குறியீடு, முந்தைய செயற்குழுவில் இருந்த ஒருவரின் மின்னஞ்சல் கணக்கில் இருந்தது. அவரைத் தேடிப்பிடிக்கும் வரை சந்தாக் கணக்கையோ அரங்க முன்பதிவு விவரங்களையோ எவராலும் பார்க்க முடியவில்லை. தரவு எதுவும் அழியவில்லை என்றாலும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரு பொருளாளருக்கு இந்த நிலை வரவே கூடாது. உறுப்பினர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் இருக்கும் கணினியில், பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன ஒரு பழைய இயங்குதளத்தையும் சேர்த்து ஓட்டுவது, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பொறுப்பேற்றுள்ள எந்த அமைப்புக்கும் ஏற்றதன்று. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது.

சோதனைக் கணினிக்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாமல் மின்கழிவுத் தொட்டிக்குப் போகவிருக்கும் கணினியே இதற்குப் பொருத்தமானது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லை, செயலி பழையது என்ற காரணங்களால் விலக்கப்படும் இன்டெல், ஏஎம்டி மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை வன்பொருள்வழி மெய்நிகராக்கத்தை, அதாவது மெய்நிகர் கணினியை ஓட்டச் செயலியிலேயே உள்ள வசதியை, ஆதரிக்கின்றன. அந்த வசதி 2005, 2006 ஆண்டுகளிலிருந்தே செயலிகளில் வரத் தொடங்கிவிட்டது. 8 கிகாபைட் நினைவகம் தாராளம். எக்ஸ்பிக்கு 1 கிகாபைட்டும், 20 கிகாபைட் வட்டும் ஒதுக்கினால் போதும். ஆப்பிளின் எம் வரிசைச் செயலி கொண்ட மேக் கணினிகளை இவ்வேலைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவற்றின் கட்டமைப்பே வேறு என்பதால் இன்டெல் வகைச் செயலியையே மென்பொருளால் முழுவதுமாகப் போலச் செய்துதான் எக்ஸ்பியை ஓட்ட வேண்டும். வேகம் மிகவும் குறைந்துவிடும்.

அந்தக் கணினியில் இருப்பதையெல்லாம் வெளி வட்டுக்கு நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பின், வட்டை முற்றிலும் துடைத்துவிட்டு உபுண்டு போன்ற ஒரு லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அதன்மேல் வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மெய்நிகர் கணினி மென்பொருளை நிறுவுவதே என் பரிந்துரை. தொடங்கும்போதே பயோஸுக்குள் சென்று மெய்நிகராக்க வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கணினிகளில் அது அணைக்கப்பட்டே இருக்கும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு இயங்கும் உபுண்டுவில், வர்ச்சுவல்பாக்ஸை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும்; மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வந்து அதே கடவுச்சொல்லைக் கேட்டுக் கையொப்பச் சாவியைப் பதிவு செய்துகொள்ளும். இதைப் பிழை என்று எண்ணிப் பலர் அத்திரையைக் கடந்துவிடுகிறார்கள். பிறகு மெய்நிகர் கணினி தொடங்குவதே இல்லை. விண்டோஸிலேயே நிறுவ விரும்புவோர், வர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் அடிப்பட்டையில் பச்சை ஆமைச் சின்னம் தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான ஹைப்பர்-வி அடியில் இயங்கிக்கொண்டிருக்கிறது, வேகம் குறையும் என்பதற்கான அறிகுறி அது. அலுவலகக் கணினியில் இந்த ஆமையை விரட்டுவதற்காக விண்டோஸின் நினைவகப் பாதுகாப்பு வசதிகளை ஒவ்வொன்றாக அணைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வசதிகள் அங்கே இருக்க வேண்டியவை.

உரிமத்தில் அமைப்புகள் கவனமாக இருக்க வேண்டும். வர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு கட்டற்ற மென்பொருள், யாரும் பயன்படுத்தலாம். ஆனால் அதனுடன் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் என்னும் கூடுதல் வசதித் தொகுப்பு தனிப்பட்ட பயன்பாடு, கல்வி, மதிப்பீடு ஆகியவற்றுக்கே இலவசம். ஒரு சங்க அலுவலகம் அதை விட்டுவிடுவதே நல்லது. நமது வேலைக்கு அது தேவையும் இல்லை. இதே வேலையைச் செய்யும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் நிறுவனங்களுக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எக்ஸ்பிக்கோ அமைப்பு ஏற்கெனவே வாங்கிய மூல வட்டும் உரிமச் சாவியும் வேண்டும். கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் பொதுவாக அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது என்பதால், தனியாக வாங்கிய பெட்டி இருந்தால் அதையே எடுக்க வேண்டும். முன்பின் தெரியாத தளத்திலிருந்து ஆயத்தமான எக்ஸ்பி வட்டுப் படிமத்தை, அதாவது வட்டின் முழு நகலான கோப்பை, பதிவிறக்குவது எவ்வகையிலும் கூடாது.

மெய்நிகர் கணினியை உருவாக்கிய உடனே, அதன் அமைப்புகளில் வலையமைப்புப் பகுதிக்குச் சென்று, வலையமைப்பு அடாப்டரை இயக்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். வர்ச்சுவல்பாக்ஸ் அதைத் தானாகவே இயக்கி வைத்திருக்கும். எக்ஸ்பிக்கு இணையம் எதற்கும் வேண்டியதில்லை. கோப்புகளை உள்ளே அனுப்ப நான் விரும்பும் வழி, அவற்றை ஒரு குறுவட்டுப் படிமமாக்கி மெய்நிகர் வட்டகத்தில் செருகுவது. எக்ஸ்பியால் அதைப் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது; ஆகவே மூலக்கோப்பு எந்த நிலையிலும் மாறாது. நெகிழ்வட்டுகளைப் படிக்க யூஎஸ்பி வட்டகம் இன்றும் கிடைக்கிறது. செருகுவதற்கு முன் 3.5 அங்குல வட்டின் மூலையில் உள்ள சிறு தாழ்ப்பாளை, துளை திறந்து தெரியுமாறு நகர்த்திவிட வேண்டும். அப்போதுதான் வட்டில் எதுவும் எழுதப்படாது. பிறகு வட்டு முழுவதையும் ஒரே படிமமாக நகலெடுத்து, மூல வட்டை எடுத்து வைத்துவிடலாம்.

எக்ஸ்பியை நிறுவி முடித்ததும், எழுத்துருக்களையும் தமிழ் மென்பொருளையும் போடுவதற்கு முன்பே ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது மெய்நிகர் கணினியின் அந்நேர நிலையின் பதிவு, எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு விற்பனையாளரின் எழுத்துரு இன்னொருவருடையதோடு மோதினால் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். சோதனைக் கணினியின் பெரிய வசதி இதுதான். தயக்கமின்றி முயன்று பார்க்கலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டைக் காப்புநகல் என்று நம்பிவிடக் கூடாது. அது மூல வட்டுக்கோப்பைச் சார்ந்தே நிற்கிறது. அக்கோப்பு கெட்டால் எல்லா ஸ்னாப்ஷாட்டுகளும் சேர்ந்தே போய்விடும். வேலை முடிந்த மெய்நிகர் கணினியை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து வெளி வட்டில் வைக்க வேண்டும். சோதனைக் கணினி பழுதாகும் நாளில் அதை வேறொரு கணினியில் இறக்கி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

திறந்த பக்கங்களைப் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ வெளியே எடுத்து, உரையைத் தனியாக யூனிகோடுக்கு மாற்றி, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்புநோக்க வேண்டும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஔகாரம் ஆகியவற்றில்தான் மாற்றிகள் அதிகம் தவறுகின்றன. சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகளை மின்வடிவாக்கிய மின்மரபுடைமைத் திட்டம் 2015இல் அச்சு நூல்களுக்குச் செய்த அரிய பணிக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அச்சேறாமல் வட்டுகளில் மட்டுமே தங்கிவிட்ட நாடகப் பிரதிகளையும் கூட்டக் குறிப்புகளையும் அந்தந்த அமைப்பே மீட்டால்தான் உண்டு.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் தமிழ் மாணவர்கள் இந்த வேலையை நன்றாகச் செய்வார்கள். பொறுப்பாளர்கள் அவர்களிடம் ஒரு பழைய கணினியையும், செய்ததையெல்லாம் குறித்து வைக்க ஒரு குறிப்பேட்டையும் கொடுத்தால் போதும். அடுத்த செயற்குழு வரும்போது கடவுச்சொல்லும் படிநிலைகளும் அக்குறிப்பேட்டில் இருக்கும். அதற்கு முன்னதாக, அலுவலகத்தைக் காலி செய்யும்போது அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் எக்ஸ்பி பெட்டிகள், தமிழ் மென்பொருள் வட்டுகள், சாவி அச்சிட்ட அட்டைகள் ஆகியவற்றைத் தயவுசெய்து யாரும் எறிந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அங் மோ கியோ