2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, மழையைப் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்ஆப்பில் போய்ச் சேரும். படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஜனவரியில் பொங்கல் விழா நடந்தது. ஏடிஸ் கொசு ஒழிப்புக்காக எல்லோரும் கூடித் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் இரண்டு நடந்தன. இரண்டுக்கும் வந்தவர்கள் அதே ஆட்கள்தான். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் பள்ளிப்பை கொடுத்தோம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் சாப்பாடு போதவில்லை என்ற புகாரைச் செயலவை குறித்துக்கொண்டது. பெயர் கொடுக்காமல் குடும்பத்தோடு வந்தால் போதாதுதான்.

இனி, கூட்டம் முடிந்ததும் மண்டபத்தில் சீனத் தொடர் போடும் சனிக்கிழமை நிகழ்ச்சி. "சங்கத்துக் காசில் சீனப் படம் ஓட்டுகிறார்கள்" என்று நம் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

போன ஆண்டு பாதிக் கூட்டங்களுக்குக் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை (குறைவெண்) சேரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பொது மண்டபமான பாலாய் ராயாவை வாடகைக்கு எடுத்து, நாற்காலி போட்டு, நானும் பொருளாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் பின் வரிசை வீட்டுச் சீன அம்மா ஒரு யோசனை சொன்னார்: சீனச் சரித்திரக் காதல் தொடர் போடுங்கள், சின்னதாகப் பார்த்துப் போடுங்கள், பெண்கள் வருவார்கள். வந்தார்கள். கூட்டம் முதலில், தொடர் அப்புறம் என்று வைத்ததில் இந்த ஆண்டு ஒரு கூட்டம்கூடத் தள்ளிப்போகவில்லை. இதை யாரும் குழுவில் எழுதவில்லை.

துணைத் தலைவரின் விருப்பப்படி முதலில் 70 எபிசோடு அரண்மனைத் தொடர் ஒன்றை ஆரம்பித்தோம். 2018இல் சீனாவையே ஆட்டிவைத்த தொடர், நல்ல தொடர்தான். ஆனால் சக்கரவர்த்தியின் மனைவிமார் ஒருவருக்கொருவர் விஷம் வைப்பதைப் பார்த்து முடிக்கவே ஆண்டு போய்விடும் போலிருந்தது. அதே ஆண்டில் 87 எபிசோடு போன இன்னொரு அரண்மனைத் தொடரும் உண்டு. நல்லவேளை, அதை யாரும் கேட்கவில்லை. அதனால் 24 எபிசோடுக்கு மாறினோம். 2020இல் வந்த 'தி ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்'. கதாசிரியை ஒருத்தி தான் எழுதிய கதைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறாள், அதுவும் மூன்றாவது எபிசோடில் சாக வேண்டிய இளவரசியாக! அந்த நகரத்தில் ஆட்சி பெண்கள் கையில். ஆண்கள்தான் அடக்க ஒடுக்கமாக இருக்க வேண்டும். அந்தக் காட்சிகளில் மண்டபத்தில் எழுந்த சிரிப்பைக் கேட்டுப் பக்கத்துத் தொழுகைக் கூடமான சூராவிலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். வாரம் மூன்று எபிசோடு என்று எட்டு சனிக்கிழமையில் முடிந்தது.

முடிந்தது என்பதுதான் முக்கியம். ஆயிரம் எபிசோடைத் தாண்டிய தமிழ்த் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். பார்ப்பவர் எண்ணிக்கை ஏறினால் நம் தொடரில் வில்லி மறுபடி உயிரோடு வந்துவிடுவாள். சீனாவில் பெரும்பாலும் முழுத் தொடரையும் எடுத்து முடித்து, அரசின் அனுமதியும் வாங்கிய பிறகுதான் முதல் எபிசோடே வெளிவரும். நடுவில் இழுக்க வழியில்லை. 2020 பிப்ரவரியில் சீன ஒளிபரப்புத் துறை, தொடர் 40 எபிசோடுக்கு மேல் போகக் கூடாது, 30க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டது. அந்த நெருக்கடியால் கதாசிரியர்கள் கிளைக்கதையை வெட்டினார்கள். காதலர்கள் முதல் எபிசோடிலேயே சந்தித்தாக வேண்டியதாயிற்று. என் கணிப்பில், அந்தத் தொடர்களுக்கு அது நல்லதாகவே அமைந்தது.

இந்தத் தொடர்களை எடுக்கும் செலவும் குறைவு. சீனாவின் சேஜியாங் மாநிலத்தில் ஹெங்டியன் என்று ஓர் ஊர். 1996இல் ஒரு சினிமாவுக்காகத் தெரு ஒன்றைக் கட்டியதில் தொடங்கி, பெய்ஜிங் அரண்மனையின் நகல் வரை இன்று எல்லாம் அங்கே தயாராக நிற்கின்றன. ஒரே வாசலில் காலையில் ஒரு ராஜா, மாலையில் வேறொரு ராஜா. "போன தொடரில் இவள் அழுத படிக்கட்டுதானே இது?" என்று நம் உறுப்பினர் ஒருவர் சரியாகவே கண்டுபிடித்தார். படப்பிடிப்புத் தளத்தில் சத்தம் அதிகம் என்பதால் பல நடிகர்களுக்குக் குரல் கொடுப்பவர் வேறு ஆள். வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போவதற்கு நம் ப்ரொஜெக்டர் காரணமில்லை. இந்தப் புகாரை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

அப்படி என்ன இருக்கிறது இதில் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். இந்தத் தொடர்களில் பலவும் கல்யாணத்துக்கு அப்புறம் வரும் காதல். சக்கரவர்த்தி ஆணையிடுகிறார், முகம் தெரியாதவனுக்குக் கழுத்தை நீட்டுகிறாள். ஒரே வீட்டில் இரண்டு அறை. அவன் எப்போது அவளைக் கவனிக்கத் தொடங்குகிறான் என்பதுதான் கதை. நம் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அக்காமாரில் பலருக்குக் கல்யாணத்தன்றுதான் மாப்பிள்ளை முகம் தெரியும். அவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மலாய் வசன வரியைப் படிக்க வராதவர்கூடச் சரியான இடத்தில் "பார்த்துட்டான், பார்த்துட்டான்" என்றார்.

அவசரமும் இல்லை. தொட்டுக்கொள்வதே அபூர்வம். மழையில் குடை பிடிப்பான். தோள் நனைவது அவனுக்கு. ஒரு கொண்டை ஊசி கொடுப்பான். அந்தக் காலச் சீனப் பெண்ணுக்குப் பதினைந்து வயதில் கூந்தலை முடிந்து ஊசி செருகுவது ஒரு சடங்கு; அதன் பிறகுதான் கல்யாணப் பேச்சு. அது தெரிந்து பார்த்தால் அந்த ஊசியின் கனம் புரியும். இதைச் சொல்லிக் கொடுத்தவர் பின் வரிசை அம்மாதான். பணிப்பெண் வந்து தூது போவதையும் தலைவிக்காகப் பொய் சொல்வதையும் பார்க்கும்போது, தமிழாசிரியையாக இருந்த எனக்குச் சங்க இலக்கியத்துத் தோழிதான் ஞாபகம் வந்தாள். பாடம் நடத்தாதீர்கள் என்றார்கள், விட்டுவிட்டேன்.

சரித்திரம் படிக்க இதைப் பார்க்க வேண்டாம். பெரும்பாலும் கற்பனை அரசு, கற்பனை ராஜா. உடை ஒரு காலத்தையும் தலை அலங்காரம் இன்னொரு காலத்தையும் சேர்ந்ததாக இருக்கும். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு, பிள்ளைகள் யாரும் வரவேயில்லை என்பதே பதில்.

கைப்பேசியில் நெட்டுக்குத்தாக ஓடும் ஒன்றிரண்டு நிமிட எபிசோடுகளைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். அதிலும் பட்டுடை, வாள், பழிவாங்கும் இளவரசி எல்லாம் உண்டு. ஒவ்வொரு எபிசோடும் கன்னத்தில் ஓர் அறையோடு முடியும். முதலில் சில எபிசோடுகள் இலவசம், அப்புறம் காசு. 2024இல் இந்தக் குறுந்தொடர்களுக்குச் சீனாவில் ஆன வியாபாரம் 5,000 கோடி யுவானைத் தாண்டி, அங்குள்ள திரையரங்கு வசூலையே மிஞ்சிவிட்டது. அதில் கொஞ்சம் நம் தாமான் குடியிருப்பிலிருந்தும் இப்போது போகிறது. உறுப்பினர் ஒருவர் ஒரே ராத்திரியில் கட்டிய தொகை நம் ஆண்டுச் சந்தாவைவிட அதிகம். பெயர் வேண்டாம். அவருடைய சந்தா இன்னும் வரவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

சந்தா ஆண்டுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்). ஒரு குடும்பம் ஒரு முறை வெளியே சாப்பிடும் செலவுகூட இல்லை. பட்டியலில் பெயர் இருப்பவர்களில் பாதிப் பேர் கட்டவில்லை. குழுவில் அந்தச் செய்தியை எழுதியவரும் அந்தப் பாதியில்தான் இருக்கிறார். சனிக்கிழமை நிகழ்ச்சிக்குச் சங்கத்திலிருந்து போனது மண்டப வாடகை மட்டும். அது கூட்டத்துக்கு எப்படியும் கொடுக்க வேண்டியதே. தேநீரும் பலகாரமும் வந்தவர்கள் கொண்டுவந்தவை. மற்றபடி வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன, கையிருப்பு சுமாராகத்தான் இருக்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது.

தலைவருக்கும், சாவியைத் தாமதமானாலும் கொடுத்த மண்டபப் பொறுப்பாளருக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும் நன்றி. பின் வரிசை அம்மாவுக்குத் தனி நன்றி. அவர் நம் உறுப்பினர் அல்ல, ஆனாலும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட்டில் அந்த 40 எபிசோடு வரம்பைச் சீனாவில் தளர்த்திவிட்டார்கள். தொடர்கள் மறுபடி நீளலாம். சின்னதாகத் தேடி எடுக்கும் வேலை கூடும். ப்ரொஜெக்டர் விளக்கும் மங்கிவிட்டது. பௌர்ணமிக் காட்சி அமாவாசை மாதிரித் தெரிகிறது. புது விளக்கு வாங்குவதா, செயலாளரை மாற்றுவதா என்று இந்தக் கூட்டமே முடிவு செய்யட்டும். நானாக விலகுகிறேன் என்று சொல்லவில்லை. வேறு யாராவது முன்வந்தால் கோப்புகளை அன்றைக்கே ஒப்படைக்கத் தயார். எப்படியானாலும் ஜனவரி முதல் சனிக்கிழமை 30 எபிசோடுக்குள் அடங்கும் புதுத் தொடர் ஒன்று ஆரம்பமாகிறது. வாசலில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்